பச்சைக்கல் போல ஒரு பாலிமர் மோதிரம், மின்வெட்டுக்கு நடுவே

எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்தால் யாரும் சுவிட்சைத் தட்டிப் பார்ப்பதில்லை. ஐந்தாவது மாடியிலிருந்து கீழே டீக்கடை வரை ஒரே கூச்சல்: "மீ லாப்யீ!" விளக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். யாங்கோனில் பிறந்த குழந்தை அம்மா, அப்பாவுக்கு அடுத்து இதைத்தான் சொல்லக் கற்கிறது. அந்தக் குரல் கேட்டதும் பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டாரைப் போடுவார்கள், எதிர் வீட்டில் சோற்றுக் குக்கரைப் போடுவார்கள். நான் மோதிரம் சுடுவேன்.

பாலிமர் களிமண்ணில் மோதிரம் செய்வதைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "கரண்டே இல்லாத ஊரில் ஓவன் வேலையா?" என்று கேட்கிறார்கள். முழு வேலையும் மூன்று, மூன்றரை மணி நேரம் பிடிக்கும். அதில் ஓவன் வேண்டியது முக்கால் மணி நேரம்தான். பிசைவது, அளப்பது, வளைப்பது, தேய்ப்பது எல்லாம் ஜன்னல் வெளிச்சம் இருந்தால் போதும். மின்சாரம் வரும் நேரத்துக்குச் சுட வேண்டியதைத் தயாராக வைத்துக்கொள்வதுதான் இங்கே முக்கியம்.

இங்கே நான் சொல்லப் போவது ஒரே ஒரு மோதிரம். பார்வைக்குப் பச்சைக்கல்லை வளையமாகக் கடைந்தது போல இருக்கும். பர்மிய மொழியில் அந்தக் கல்லுக்குச் சௌக்செய்ன் என்று பெயர். சௌக் என்றால் கல், செய்ன் என்றால் பச்சை. வடக்கே காச்சின் மாநிலத்தில் ஃபாகண்ட் சுரங்கங்களிலிருந்து வருவது. நிஜக் கல் மோதிரத்தை போஜோ சந்தையில் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று பார்க்கிற ஆள் நான். ஆனால் நிறைய நேரம் நின்று பார்த்திருக்கிறேன், அது இந்த வேலைக்கு உதவுகிறது.

அப்பா பத்தர். மோல்மேனில் பட்டறை வைத்திருந்தார். ஊர்ப் பெயர் மௌலமியைன் என்று மாறி எவ்வளவோ காலம் ஆகியும் அவருக்கு அது மோல்மேன்தான். பட்டறையிலிருந்து எனக்கு வந்தது ஒரு இரும்பு. நுனியில் மெலிந்து அடியில் தடித்து, கூம்பு போல இருக்கும். மோதிரத்தைக் கோத்து அளவு பார்ப்பதற்கும் தட்டி வட்டம் திருத்துவதற்கும் உள்ளது. நான் களிமண்ணைப் பிசையும்போது அப்பா எட்டிப் பார்ப்பார். "என்னம்மா, இன்னைக்கும் வடைமாவா?" என்பார். கோபமெல்லாம் இல்லை. பொன்னைத் தவிர எதுவும் அவருக்கு மாவுதான்.

அவர் மாவு என்று சொல்வது ஒரு வகையில் சரி. இது மண்ணே இல்லை. பிவிசி என்கிற பிளாஸ்டிக்கின் மிக நுண்ணிய துகள்களை, எண்ணெய் போன்ற ஒரு இளக்கியில் குழைத்து நிறம் சேர்த்தது. காற்றில் வைத்தால் எத்தனை நாளானாலும் காயாது. சூடு பட்டால்தான் துகள்கள் இளக்கியை உள்வாங்கி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பிளாஸ்டிக்காகும். இதனால் நமக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, சூடு குறைந்தால் துகள்கள் சரியாக ஒட்டாது. வெளியே கெட்டியாகத் தெரிந்தாலும் விரல் மடக்கும்போது உடையும். இன்னொன்று, சூடு அளவுக்கு மேல் போனால் பிவிசி கருகி ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். அதைச் சுவாசிக்கக் கூடாது.

இந்தப் பொருளுக்குப் பின்னால் ஒரு பொம்மைக் கதை உண்டு. ஜெர்மனியில் கேத்தே குரூசே என்று பெயர் பெற்ற பொம்மைக் கலைஞர். அவருடைய மகள் சோஃபி, வீட்டில் ஃபிஃபி. பொம்மைத் தலை செய்ய வந்து அதற்குச் சரிப்படாமல் போன ஒரு பிளாஸ்டிக் குழைவை எடுத்து அந்தப் பெண் தன் கைவேலைக்குப் பயன்படுத்தினார். 1964-ல் ஏபர்ஹார்டு ஃபாபர் நிறுவனம் அதை வாங்கியது. ஃபிஃபியும் மொசைக்கும் சேர்ந்து ஃபிமோ ஆனது. இன்றைக்கும் பொட்டலத்தில் அந்தப் பெயர்தான்.

எதை வாங்குவது? மோதிரத்துக்கு வளைந்து கொடுக்கிற ரகம் வேண்டும். பிரீமோ, ஃபிமோ புரொஃபஷனல், செர்னிட், கேட்டோ நான்கும் ஆகும். பள்ளிப் பிள்ளைகள் பொம்மை பிடிக்க என்று மலிவாக வருவது கையில் மிருதுவாக இருக்கும், சுட்டபின் பிஸ்கட் மாதிரி ஒடியும், மோதிரத்துக்கு வேண்டாம். பாங்காக்கிலிருந்து யாராவது வரும்போது என் தங்கை கொடுத்தனுப்புகிறாள். நிறங்களில் முக்கியமானது டிரான்ஸ்லூசென்ட் என்று பொட்டலத்தில் போட்டிருப்பது. நான் அதைக் கண்ணாடி மாவு என்பேன். சுடுவதற்கு முன் மெழுகு போல மங்கலாகத் தெரியும், சுட்டால் வெளிச்சம் உள்ளே போகும். அதோடு பச்சை, வெள்ளை, மஞ்சள் கொஞ்சம் கொஞ்சம். 57 கிராம் கண்ணாடி மாவில் பதினைந்து மோதிரமாவது தேறும், அதனால் ஒரு பொட்டலம் போதும்.

மற்றவை வீட்டில் கிடைக்கும். ஒரு வழவழப்பான டைல்ஸ் துண்டு, பிளேடு, கொஞ்சம் ஸ்பிரிட், அலுமினியத் தாள், கெட்டியான காகிதம், மாஸ்கிங் டேப், 400-லிருந்து 2000 வரை நீரில் நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், ஒரு பழைய ஜீன்ஸ் துணி. ஓவனுக்குள் வைக்கிற தெர்மாமீட்டர் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டும். இந்த வேலைக்கு எடுத்த கரண்டி, கத்தி எதையும் மறுபடி சமையலுக்குக் கொண்டுபோகாதீர்கள். சுடாத மாவை மெல்லிய கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் இளக்கி அந்த டப்பாவையே கரைத்துப் பிசுபிசுக்க வைத்துவிடும். கிளிங் ஃபிலிமில் சுற்றி வையுங்கள்.

இனி அளவு. புதிதாகச் செய்பவர்கள் நிறத்துக்கு இரண்டு மணி நேரம் செலவழித்து, அளவுக்கு இரண்டு நிமிடம் கொடுக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் முதல் மூன்று மோதிரங்களும் அழகாக வந்தன, ஒன்றும் யார் விரலிலும் ஏறவில்லை. அப்பாதான் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார். "நூலால அளக்காதம்மா, நூல் இழுபடும். காகிதம் எடு."

அரை அங்குல அகலத்தில் ஒரு காகிதப் பட்டை வெட்டுங்கள். விரலின் அடியில் சுற்றி, முனைகள் சந்திக்கும் இடத்தில் பேனாவால் குறியுங்கள். அந்த வளையம் மூட்டைத் தாண்டி ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். மூட்டு பருத்தவர்களுக்கு அடியில் அளந்தது ஏறாது, அப்போது மூட்டின் அளவே அளவு. சாயங்காலம் அளங்கள். காலையில் விரல் ஒல்லியாக இருக்கும், வெயிலில் நடந்து வந்தால் வீங்கும். ஏப்ரலில் திஞ்சான் தண்ணீர்த் திருவிழா சமயத்தில் அளந்த விரலும் டிசம்பரில் அளந்த விரலும் ஒன்றல்ல.

பட்டையை விரித்து மில்லிமீட்டரில் பாருங்கள். 54 வந்தது என்று வைப்போம். அதை 3.14-ஆல் வகுத்தால் 17.2. மோதிரத்தின் உள்விட்டம் அது. மோதிரம் 4 மில்லிமீட்டருக்கு மேல் அகலமானால் இறுக்கமாக இருக்கும். நாம் செய்யப்போவது 7 மில்லிமீட்டர் அகலம், அதனால் சுற்றளவில் 1 மில்லிமீட்டர் கூட்டி 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் சிறிய பக்கம் சாயுங்கள். உள்ளே தேய்த்துப் பெரிதாக்க முடியும், சிறிதாக்க வழியில்லை.

இரும்பு இல்லாதவர்களுக்கு மருந்துப் பாட்டில், மார்க்கர் பேனா, பூரிக்கட்டையின் கைப்பிடி என்று உருளையாக ஏதாவது ஒன்று அளவுக்குப் பக்கத்தில் கிடைக்கும். கொஞ்சம் குறைந்தால் காகிதம் சுற்றித் தடிமனாக்கலாம். ஆனால் எதுவாக இருந்தாலும் அதன் மேலேயே வைத்துச் சுடாதீர்கள். நான் காகிதக் குழல் செய்கிறேன். கெட்டியான காகிதத்தை 4 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டி, சரியான அளவுள்ள இடத்தில் மூன்று சுற்று சுற்றி, மாஸ்கிங் டேப்பால் ஓரத்தை ஒட்டிக் கழற்றிவிடுவேன். குழலின் வெளிச்சுற்று 55 மில்லிமீட்டர் இருக்கிறதா என்று மறுபடி அளப்பேன். 130 டிகிரியில் காகிதம் எரியாது. சுட்டு முடிந்தபின் குழலை உள்பக்கமாக நசுக்கினால் மோதிரத்திலிருந்து தானாக விட்டுவிடும். இரும்போடு சுட்டால் அத்தனை இரும்பும் சூடாக வேண்டும். நமக்கு இருக்கிற மின்சாரத்துக்கு அது கட்டாது. கூம்பு இரும்பானால் மோதிரமும் ஒரு பக்கம் அகலமாகிவிடும்.

நிறம் கலப்பது சந்தோஷமான வேலை. கல்லை உற்றுப் பார்த்தால் அதில் ஒரே பச்சை கிடையாது. வெண்மேகம் போல ஒரு இடம், அதில் புல் நிறத்தில் ஒரு ஓட்டம், நடுநடுவே கறுப்புப் புள்ளி. வெள்ளைக் கல் உண்டு, கத்தரிப்பூ நிறத்தில் உண்டு, மஞ்சளும் உண்டு. பாலிமரில் கல் போலச் செய்கிறேன் என்று அடர்பச்சையில் வழவழவென்று ஒன்றைச் செய்தால் அது சோப்புத் துண்டு போலத்தான் இருக்கும்.

அரைப் பொட்டலம் கண்ணாடி மாவை எடுத்து நன்றாகப் பிசையுங்கள். விரிசல் விடாமல் மடியும் வரை பிசைய வேண்டும், பத்து நிமிடமாவது ஆகும். அதை நான்கு சம உருண்டையாக்குங்கள். முதல் உருண்டையில் எதுவும் சேர்க்காதீர்கள். இரண்டாவதில் பாசிப்பயறு அளவு பச்சை. மூன்றாவதில் கொண்டைக்கடலையில் பாதி அளவு பச்சையும் கடுகளவு மஞ்சளும். நான்காவதில் பாசிப்பயறு அளவு வெள்ளை. மூன்றாவது உருண்டையில் ஒரு சிட்டிகை காய்ந்த தேயிலைத் தூளையும் சேர்த்துப் பிசைகிறேன். சுட்டபின் அது கல்லுக்குள் சிக்கிய கறுப்புத் துணுக்கு போலத் தெரியும். டீ போட்டு வடிகட்டிய சக்கை ஆகாது, ஈரம் கூடாது. கண்ணாடி மாவில் கலந்த நிறம் சுட்டபின் ஒரு படி அடர்த்தியாகும், ஆகையால் சுடுவதற்கு முன் "போதவில்லையே" என்று தோன்றினால் சரியாக இருக்கிறது என்று பொருள்.

நான்கையும் தனித்தனியாக அரிசி அளவுக்குப் பொடிப்பொடியாக நறுக்குங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்துக் கையால் புரட்டி, அழுத்தி ஒரே உருண்டையாக்குங்கள். இரண்டு முறை முறுக்குங்கள். பிளேடால் குறுக்கே வெட்டிப் பாருங்கள். மேகமும் ஓட்டமும் தெரிந்தால் அங்கே நிறுத்துங்கள். இன்னும் ஒரு முறை முறுக்கலாமே என்று கை துறுதுறுக்கும். நான் எத்தனையோ முறை அந்த ஆசையில் கெடுத்திருக்கிறேன், எல்லாம் ஒரே பச்சையாகிப் போகும்.

இனி வளையம். முதலில் எல்லோரும் நினைப்பது ஒரு பட்டையை உருட்டி, சுற்றி, முனைகளை ஒட்டுவது. பொன்னில் அப்படித்தான் செய்வார்கள். சந்திப்பில் பொடி வைத்து ஊதினால் இரண்டு முனையும் ஒன்றாகிவிடும். களிமண்ணுக்கு ஊதுகுழல் கிடையாது. ஒட்டிய இடம் எவ்வளவு தேய்த்தாலும் பலவீனமாகவே இருக்கும். அண்ணிக்கு நான் ஆசையாகக் கொடுத்த மோதிரம் அவர் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது அந்தச் சந்திப்பில்தான் பட்டென்று விட்டது. ஒரு பாதி துருவலுக்குள் விழுந்து, அதைத் தேடி எடுத்து, அன்றைக்குத் தேங்காய்ப்பால் கௌஸ்வே நூடுல்ஸ் சாப்பிட வீட்டில் யாருக்கும் தைரியம் வரவில்லை.

அதனால் ஒட்டே இல்லாமல் செய்வோம். அப்பாவின் கிண்டலில்தான் எனக்கு வழி கிடைத்தது. 15 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு உருண்டை பிடியுங்கள். பாதி எலுமிச்சம்பழம் கூட வராது, பெரிய கோலிக்குண்டு அளவு. உள்ளங்கையில் வைத்து 7 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தட்டுங்கள். நடுவில் ஸ்ட்ராவால் ஒரு துளை. ஆம், மெதுவடைதான். அந்த வடையை இரும்பின் மெல்லிய நுனியில் கோத்து, விரல்களால் சுற்றிச் சுற்றி அழுத்தி, கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்த பக்கம் ஏற்றுங்கள். துளை விரியும், சுவர் மெலியும். நறுக்கிப் போட்ட பச்சைத் துணுக்குகள் சுற்றோடு இழுபட்டு நீளும், கல்லில் ஓடுகிற நரம்பு போல. பட்டையைச் சுற்றி ஒட்டினால் இந்த ஓட்டம் சந்திப்பில் அறுந்துபோகும்.

விளிம்பில் விரிசல் விட்டால் மாவு போதுமான அளவு பிசையப்படவில்லை. உருண்டையாக்கி மறுபடி தொடங்குங்கள், ஒட்டுப்போட்டுச் சமாளிக்காதீர்கள். சுவர் 3 மில்லிமீட்டர் தடிமனுக்கு வந்ததும் கழற்றிக் காகிதக் குழலில் ஏற்றுங்கள். மெல்லியதாக, நளினமாக இருக்கட்டும் என்று 2 மில்லிமீட்டருக்குக் கீழே போகாதீர்கள். குழலை டைல்ஸ் மேல் உருட்டியபடி பிளேடை வைத்தால் இரண்டு ஓரமும் நேராக வெட்டுப்படும். ஸ்பிரிட் தொட்ட விரலால் மேலே மெல்லத் தடவினால் கைரேகை மறையும். இப்போது மறைக்காத ஒவ்வொரு ரேகையும் பிறகு உப்புத்தாளில் பத்து நிமிடம்.

இந்த நிலையில் மோதிரம் நாட்கணக்கில் காத்திருக்கும். தூசி படாமல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி, மின்சாரம் வரட்டும் என்று வேறு வேலை பார்க்கலாம். நான் நான்கைந்து சேர்ந்தபின்தான் சுடுகிறேன்.

சுடுவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு சூடு: ஃபிமோ 110 டிகிரி, பிரீமோ 130, கேட்டோ 150. உங்கள் பொட்டலத்தில் போட்டிருப்பதுதான் கணக்கு. 6 மில்லிமீட்டர் தடிமனுக்கு 30 நிமிடம் என்று பிரீமோவில் இருக்கும். நான் 45 நிமிடம் வைக்கிறேன். சூடு சரியாக இருந்தால் கூடுதல் நேரம் கெடுக்காது, மோதிரம் இன்னும் உறுதியாகும். சூடு கூடினால்தான் ஆபத்து.

ஓவனின் திருகில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள். என்னுடையது மேசை மேல் வைக்கிற சின்ன டோஸ்டர் ஓவன். 130-ல் வைத்தால் உள்ளே தெர்மாமீட்டர் 105 காட்டுகிறது. 150-ல் வைத்தால் ஒரு நாள் 128, இன்னொரு நாள் 140. இரவு ஏழு மணிக்குத் தெருவே குக்கர் போட்டிருக்கும்போது வோல்டேஜ் விழுந்து 100-ஐத் தாண்டவே மறுக்கும். காலையில் அதே திருகு அதே இடத்தில் இருந்தும் விறுவிறுவென்று ஏறும். தெர்மாமீட்டரை மோதிரத்துக்குப் பக்கத்தில், அதே உயரத்தில் வையுங்கள். முதலில் காலி ஓவனைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, முள் உங்கள் பொட்டலத்தில் போட்ட சூட்டில் (பிரீமோவானால் 130-ல்) நின்றபிறகு உள்ளே வையுங்கள். அடியில் டைல்ஸ் இருந்தால் ஏற்ற இறக்கம் குறையும். குழல்களை அதில் நிற்க வைத்து, மேலே அலுமினியத் தாளைக் கூடாரம் போல மூடுங்கள். சின்ன ஓவனில் கம்பி மிகப் பக்கத்தில் இருக்கும். கண்ணாடி மாவு கொஞ்சம் சூடு அதிகமானாலும் பழுப்பேறும், பச்சைக்கல் பழைய வெல்லம் மாதிரி ஆகிவிடும்.

நடுவில் மின்சாரம் போய்விட்டால்? போகும். பன்னிரண்டாவது நிமிடத்தில் போனால் பதறாதீர்கள், ஓவனைத் திறக்காதீர்கள், தொட்டுப் பார்க்காதீர்கள். அரைவேக்காட்டில் அது எளிதில் உடையும். அப்படியே ஆறட்டும். அடுத்த "மீ லாப்யீ" நாளைக் காலையானாலும் சரி, மறுபடி முதலிலிருந்து முழு 45 நிமிடமும் சுடுங்கள். இந்த மாவை எத்தனை முறை வேண்டுமானாலும் சுடலாம், துகள்கள் விட்ட இடத்திலிருந்து ஒட்டிக்கொள்ளும். இது தெரியாமல் ஆரம்பத்தில் ஏழெட்டு நல்ல மோதிரங்களைக் குப்பையில் போட்டிருக்கிறேன். இன்வர்ட்டரில் ஓவனைப் போட நினைக்காதீர்கள். விளக்குக்கும் ஃபேனுக்கும் வாங்கியது அது. ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும் சாமானைத் தாங்காது.

ஒரு முறை நான் கெட்டிக்காரத்தனம் செய்தேன். ரவை கேக் சுடும் பெண்கள் சட்டிக்குக் கீழேயும் மூடி மேலேயும் கரி நெருப்பு வைக்கிறார்களே, அதேபோல அலுமினியப் பானையில் மணல் பரப்பி மோதிரங்களை வைத்துக் கரியடுப்பில் ஏற்றினேன். முதல் இருபது நிமிடம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு மூக்கைக் குத்துகிற ஒரு நெடி. மூடியைத் திறந்தால் மூன்று கறுப்பு வளையங்கள், கண்ணெரிச்சல். அப்பாவையும் இழுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினேன். கேக் கருகினால் கேக்தான் போகும். பிவிசி கருகினால் அந்தப் புகை நுரையீரலுக்குள் போகும். கரியடுப்பு வேண்டவே வேண்டாம். கொதிக்கும் தண்ணீரில் போட்டால் என்ன என்றும் சிலர் கேட்கிறார்கள். தண்ணீர் 100 டிகிரியோடு நின்றுவிடும், 130 கேட்கிற மாவுக்கு அது போதாது. ஓவனில் சுடும்போதும் ஜன்னலைத் திறந்து வையுங்கள், குழந்தைகளையும் கிளி வளர்த்தால் கிளியையும் அடுத்த அறைக்கு அனுப்புங்கள்.

நேரம் முடிந்ததும் ஒரு பாத்திரத்தில் ஐஸ் தண்ணீரை வைத்து, இடுக்கியால் குழலோடு தூக்கி அதில் போடுகிறேன். சட்டென்று குளிர்ந்தால் கண்ணாடித்தன்மை ஒரு படி கூடித் தெரிகிறது. குழலும் ஊறிவிடும், நசுக்கி உருவலாம். மழைக்காலத்தில் சுட்டால் உள்ளே பிறை போல வெளிறிய புள்ளிகள் வருவதைப் பார்ப்பீர்கள். மாவில் ஈரம் ஏறியதன் அடையாளம் அது. கண்ணாடி போல ஏதாவது செய்பவர்கள் இதற்குத் தலையில் கை வைத்துக்கொள்வார்கள். நமக்கு அதிர்ஷ்டம்தான், அசல் கல்லுக்குள்ளும் இப்படித்தான் மேகம் இருக்கும். ஜூலையில் செய்த என் மோதிரங்கள்தான் போஜோ சந்தைக் கல்லுக்கு மிக நெருக்கமாக இருக்கின்றன.

வெந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள, அதே மாவில் ஒரு மெல்லிய துண்டையும் கூடவே சுட்டு, ஆறியதும் வளைத்துப் பாருங்கள். வளைந்தால் வெந்தது. முறிந்தால் எல்லாவற்றையும் திருப்பி ஓவனுக்கு.

தேய்ப்பது மின்வெட்டு வேலை. பிளாஸ்டிக் தூசி மூக்கில் ஏறாமல் இருக்க, ஒரு கிண்ணத் தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் தாள் அடைத்துக்கொள்ளாது. 400-ல் மேடுபள்ளம் போகும். 600, 800, 1000 என்று ஏறுங்கள், எதையும் தாண்டாதீர்கள். 400 போட்ட கீறலை 1000 எடுக்காது. உள்பக்கத்துக்குத் தாளைப் பென்சிலில் சுற்றிக்கொள்ளுங்கள். உள் ஓரம் இரண்டையும் கூர் போக உருட்டித் தேய்ப்பதை மறக்காதீர்கள், விரலில் மாட்டும்போது சுகம் தருவது அதுதான். அப்பா இதை மட்டும் சோதித்துப் பார்ப்பார். கண்ணை மூடி மோதிரத்துக்குள் சுண்டுவிரலை விட்டுச் சுற்றுவார், எங்கேயாவது உராய்ந்தால் ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுப்பார். 2000 முடிந்ததும் ஜீன்ஸ் துணியில் கால்மணி நேரம் தேயுங்கள். எண்ணெய் தடவியது போல ஒரு மங்கல் பளபளப்பு வரும். கல்லின் பளபளப்பு அப்படித்தான் இருக்கும், கண்ணாடி மாதிரி மின்ன வேண்டியதில்லை. ஆகவே நான் வார்னிஷ் பூசுவதில்லை. பூசியே தீர வேண்டும் என்றால் தண்ணீரில் கரையும் பாலியூரித்தேன் வார்னிஷ். நெயில் பாலிஷ் மட்டும் வேண்டாம். அன்றைக்கு மின்னும், சில வாரத்தில் பிசுபிசுத்துத் தூசி ஒட்டும்.

போட்டுக்கொள்பவர்களிடம் இரண்டு விஷயம் சொல்லி அனுப்புகிறேன். கை கழுவலாம், குளிக்கலாம், முகத்தில் பூசும் தனாக்கா கட்டையை அரைக்கலாம். தண்ணீர் ஒன்றும் செய்யாது. நெயில் பாலிஷ் அழிக்கும் அசிட்டோனும், டீட் கலந்த கொசு மருந்தும் படக்கூடாது, இரண்டும் பிளாஸ்டிக்கை இளக்கும்.

கீழ்வீட்டு பர்மியப் பெண் ஒருத்தி, "அமா (அக்கா), இதைக் கல் என்று சொல்லி விற்றால் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள். தெரியும். அசல் கல்லைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருக்கும், கையில் கனக்கும், ஊசியால் கீற முடியாது. இது தொட்டதும் வெதுவெதுப்பாகும், கனமே இருக்காது. தெரியாத வெளியூர்க்காரர்களும் சந்தைக்கு வருவார்கள்தான். பத்தர் வீட்டில் பிறந்துவிட்டு அவர்களிடம் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. கொடுக்கும்போதே பிளாஸ்டிக் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன், அப்படியும் வாங்குகிறார்கள்.

மிச்சமான நறுக்குகளைத் தூக்கிப் போடாதீர்கள். அடுத்த மோதிரத்தில் முதல் உருண்டைக்குப் பதில் இவற்றைச் சேர்த்தால் ஓட்டம் இன்னும் இயல்பாக வரும். வெயில் மாதங்களில் சுடாத மாவை மேசையில் விட்டுவிடாமல் சுவர் ஓரம், தரையில், நிழலில் வையுங்கள். ஏப்ரலில் எங்கள் ஐந்தாவது மாடி வீட்டில் ஜன்னலோரம் வைத்த அரைப் பொட்டலம், அடுப்பைப் பார்க்காமலேயே பாதி வெந்து கிடந்தது.